ஒரு நாளைக்கு எத்தனை

வியாழன் ராத்திரிச் சோறு அவன் தட்டில் காய்ந்தது.
வெள்ளி காலை
சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்த அவன் போனில்
தையல்நாயகியின் ஐந்து மிஸ்டுகால்.
போனை வைத்துவிட்டுப் போனவன்
தூரம் போக நினைத்திருக்க மாட்டான் என்றேன்.
அறையில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவன்.
அதனால் ஆளுக்கொரு பேச்சு.
கம்பி நீட்டிட்டான் என்றார் மேல்கட்டில்காரர்;
சீட்டுப் பணம் எழுபது தினார் அவனிடம் இருந்தது.
கம்பி எண்ணுறான் என்றான் சமையல் முறைக்காரன்.
மூன்றாவது ஒன்றை யாரும் சொல்லவில்லை.
ஆறாவது ரிங் ரோட்டை
இருட்டில் நடந்தே கடப்பவன் அவன்.

ஜலீப் ஸ்டேஷனில்
கண்ணாடிக்குப் பின்னால் சிவில் ஐடி நம்பர் கேட்டார்கள்.
பன்னிரண்டு இலக்கம்.
பத்து வருஷம் ஒரே பாத்ரூமுக்கு வரிசையில் நின்றிருக்கிறோம்,
அவன் இருமலை இருட்டில் அடையாளம் சொல்வேன்,
நம்பர் தெரியாது.
நீ யார் என்றார். ரூம் என்றேன்.
அந்தப் படிவத்தில் ரூம் ஓர் உறவு இல்லை.
பெயர்?
வீழிநாதன் கோவிந்தசாமி.
ழ அந்தக் கீபோர்டில் கிடையாது,
வ-வும் கொஞ்சம் தகராறு.
அடித்ததை வாசித்துக் காட்டினார்:
ஃபீலினாதான் ஜூஃபிந்தாஸ்மி.
மாஃபி.
உண்மைதான்.
அப்படி ஒருவன் எங்கள் அறையில் ஒருநாளும் இருந்ததில்லை.

ஃபர்வானியா ஆஸ்பத்திரியிலும் மாஃபி.
அங்கே அந்தச் சொல் இனித்தது.
கீழ்த்தளத்தில் இன்னொரு மேசை உண்டு, அங்கேயும் கேள்
என்றார் நர்ஸ், மலையாளத்தில்,
என் முகத்தைப் பார்க்காமல்.
லிஃப்ட் இறங்கும்போது வேண்டிக்கொண்டேன்:
அய்யா, அவன் ஜெயிலில் இருக்கட்டும்.
பிள்ளை வரம் கேட்கிற மாதிரி லாக்கப் கேட்டேன்.
இக்காமா முடிந்து பிடித்திருக்கட்டும்,
சாராயக் கேஸாகக்கூட இருக்கட்டும்,
மூணு மாசமோ மூணு வருஷமோ.
கீழேயும் இல்லை.
மேலே வந்து வெயிலில் நின்ற பிறகுதான்
அந்த மூணு வருஷம் யாருடையது என்று உறைத்தது.

சில்ஹெட்காரர் ஒருவர் தம்பியை இப்படித்தான் கண்டுபிடித்தாராம்:
ஆளைக் கேட்காதே, துணியைக் கொடு.
உள்ளே இல்லாதவனுக்கு அவர்கள் பை வாங்க மாட்டார்கள்.

நான் லாண்டரிக்காரன்.
இரண்டு சட்டை, காலரில் நான் மையால் போட்ட 14,
ஒரு கைலி, பல்பொடி, சவரக்கத்தி, பெல்ட்,
சர்க்கரை மாத்திரை அரை அட்டை.
சட்டைகளைத் தேய்த்து மடித்தேன்.
தேய்த்தது எதற்கு என்று மடித்தபின் தோன்றியது.

முதல் வாசலில் பையைத் தொடவே இல்லை.
இரண்டாவதில் தொழுகை நேரம்; திறந்த பிறகும் அதேதான்.
மூன்றாவது, ஊருக்குத் திருப்பி அனுப்புகிறவர்களை வைக்கிற இடம்.
காவலர் சின்னப் பையன்,
மீசை இன்னும் சரியாகக் கூடவில்லை.
பையைக் கொட்டினார்.
கத்தியைத் திருப்பித் தந்தார். பெல்ட்டையும்.
கைலியை விரித்து, இதை எப்படிப் போடுவது என்பதுபோல் பார்த்து,
வைத்துக்கொண்டார்.
இருக்கிறானா என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் அந்தச் சொல் வந்துவிடும்.

மாத்திரை அட்டையை எடுத்து ஆட்டினார்.
ஒரு விரல் காட்டினார்.
பிறகு இரண்டு.

இரண்டு என்றேன்.
சாப்பாட்டுக்கு முன்னால் என்பதற்கு அரபியில் வார்த்தை வரவில்லை.
வாயைக் காட்டி, உள்ளங்கையால் தடுத்து,
மாத்திரையை முன்னே தள்ளி
நாடகம் போட்டேன்.
அவர் சிரிக்காமல் தலையாட்டினார்.

பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு
பஸ் ஸ்டாப்பிலிருந்து தையல்நாயகியைக் கூப்பிட்டேன்.
இருக்காரு, என்றேன்.
அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம்,
யாரோ அதை நிறுத்தினார்கள்.
எங்கே என்று
அப்புறம்தான் கேட்டார்.