நூறு வீதம்

படிவத்தின் பெட்டிகள் மிகச் சிறியவை.
கூழாவடிக்குளம், மாணவர் தொகை
நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
பிறகு அழித்து நாற்பத்துநான்கு என்றேன்.
மண்டபம் முகாமிலிருந்து திரும்பிய குடும்பமொன்று
வைகாசியில் மூன்று பேரைக் கொண்டுவந்து விட்டிருந்தது.
மூத்தவள் கவியரசி முதல்நாளே கேட்டாள்:
"டீச்சர், எத்தன மார்க் எடுத்தா பாஸ்?"
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
இங்கே அது புள்ளி. நான் மிஸ்.
அங்கே வகுப்பு, இங்கே தரம்.
ஒரே மொழிக்குள் ஒரு கடல் அகலம்;
அதைக் கேட்கும் பெட்டி இல்லை.

எழுபத்தேழில் மலையிலிருந்து இறங்கி வந்தவர்களின்
பேரப்பிள்ளைகள் பதினாறு பேர்.
அதற்கும் பெட்டி இல்லை. ஆனால்
ஊருக்கு அந்தக் கணக்கு மனப்பாடம்,
எந்தக் கிணறு ஆருடையது என்பதைப் போல.

தகப்பன் என்ற இடத்தில் உண்டு, இல்லை,
இரண்டே தெரிவு.
பிரதாயினியின் தாய் சொன்னார்,
"ரெண்டையும் போடாதேங்கோ மிஸ்."
பணிமனைக் கணினி வெறும் பெட்டியை ஏற்காது.
போன வருடம் "உண்டு" என்று போட்டேன்.
இந்த வருடமும்.

வரவு எழுபத்தொரு வீதம்.
காரணம்: யானை.
கோட்டக் கல்வி அதிகாரி தொலைபேசியில் சிரித்தார்.
மறுவாரம் பார்வையிட வந்தவர்
கச்சான் தோட்டத்து வேலி கிடந்த கிடையைக் கண்டு
தேத்தண்ணியும் குடிக்காமல்
பொழுதுபட முன் மோட்டார்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

இனிப் பெறுபேறு.
சாதாரண தரம், கணிதம்.
தோற்றியோர் இருவர். சித்தியடைந்தோர் இருவர்.
நிதர்ஷனிக்குத் திறமைச் சித்தி,
கலைச்சோதி மயிரிழையில் தப்பினான்.
நூறு வீதம். வலயத்தில் முதலாமிடம்.
நூற்று முப்பத்தெட்டுப் பேர் எழுதிய
நகரத்துப் பெரிய பாடசாலை
தொண்ணூற்றாறு வீதத்தோடு எங்களுக்குக் கீழே.
அந்தத் தாளை அதிபர் நாலு தரம் பிரதி எடுத்தார்.

மூன்றாவது பெயர் டனுசியன்.
பரீட்சை விண்ணப்பம் நிரப்புகிற கிழமை
அவனைத் தனியே கூப்பிட்டேன்.
மூன்றில் இரண்டு, அறுபத்தாறு தசம் ஆறு ஏழு.
பத்து வருடம் கணிதம் படிப்பித்தவளுக்கு
அதைச் செய்யத் தாள் தேவையில்லை.
"அடுத்தமுறை எடு. வடிவாப் படிச்சிட்டு எடு."
"ஓம் மிஸ்" என்றான்.
மறுப்பான் என்று நினைத்து
ஆயத்தம் செய்து வைத்த வசனங்கள்
அப்படியே என் வாய்க்குள் கிடந்தன.

அடுத்தமுறை வந்தது. அவன் வரவில்லை.
இடைவிலகல் என்ற பெட்டியில்
ஒன்று போட வேண்டும்.
போட்டேன், மிக மெல்லிய ஒன்று,
காற்புள்ளி என்று நினைத்தாலும் நினைக்கட்டும்.

பாராட்டு விழாவுக்கு
அதிபர் புதுச் சேட்டு வாங்கினார்.
வாடகைக் கதிரைகளோடு
லான்ட்மாஸ்டர் ஒன்று வாசலில் வந்து நின்றது.
ஓட்டி வந்தவன் அவன்.
தோள் அகன்றிருந்தது. சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான்.
என்னைக் கண்டதும் அதை அவிழ்த்து விட்டான்.
கதிரைகளைப் பத்துப் பத்தாய் அடுக்கி இறக்கினான்,
ஒவ்வொரு அடுக்கையும் விரலால் தொட்டு எண்ணியபடி.

பற்றுச்சீட்டில் அறுபது என்றிருந்தது.
நான் பேனையைத் திறந்துவிட்டேன்.
"பொறுங்கோ மிஸ்."
திரும்பவும் முதல் அடுக்கிலிருந்து தொடங்கினான்.
"ஒண்டு குறையுது."

பந்தலுக்குள் ஒலிவாங்கியைச் சோதிக்கிறவன்
ஒன்று, இரண்டு, மூன்று என்று
சொல்லிக்கொண்டே இருந்தான்.
நான் அறுபதுக்கே கையெழுத்து வைத்தேன்.