வளையம்

ஓடுபாதையின் தெற்கு முனையில்
புல்வெட்டும் யந்திரம் பல்லுடைந்து நின்றது.
"வெடி இல்ல, ஓடாதீங்க" என்றாள் கனகம்மை,
மண்ணைக் காலால் தள்ளினாள்.
சீமெந்துக் கட்டியில் புதைந்த
ஓர் இரும்பு வளையம்.
என் கை காப்போடு நுழையும் அகலம்.

அகற்ற வேண்டும்.
அகற்றுவதற்கு ஒரு படிவம் உண்டு.
படிவம் நிரப்புவது என் வேலை:
நாட்சம்பளம், நீலப் பேனை, தாள் கவ்விய பலகை.
பொருள்: வளையம், இரும்பு, ஒன்று.
ஆழம்: தெரியாது.
முன்னைய பயன்பாடு
என்ற இடத்தில் பேனை நின்றது.

கிரைண்டருக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்த
எர்ல் பார்தலட் சொன்னார்:
"பிளேன் கட்டுற வளையம் அது.
வெள்ளைக்காரன் ஜப்பானுக்குப் பயந்த காலம்.
கச்சான் அடிச்சா
துணி இறக்கை, ஓட்டி இல்லாமலே எழும்புமாம்.
ஆட்டைப்போல கட்டிவச்சானாம்.
என்ர பெரியப்பன் அடிச்ச இரும்பெண்டு
வீட்டில கதை.
அந்தாள் அடிச்ச மண்வெட்டியே நிக்காது."

மறுகா?
என்றாள் கனகம்மை.

மறுகா, சண்டை முடிந்து பிளேன் போயிற்று,
வளையம் போகவில்லை.
தம்பாப்போடியின் சிவலைப் பசு
கயிற்றின் நீளத்துக்கு வட்டமாய் மேய்ந்தது.
எழுபத்தெட்டுச் சூறாவளியில்
புதூர்க் கூரைகள் வாவியில் மிதக்க,
விடியப் போய்ப் பார்த்தால்
பசு அதே இடத்தில் கிடந்தது.
கயிறு அறவில்லை.

மறுகா?

எர்ல் கிரைண்டர்த் தட்டைக் கழற்றி
ஊதினார், திரும்பப் பூட்டினார்.
ஒரு நீர்க்காகம் வாவியில் மூழ்கியது.
அது எழும்பும் வரை
மூவரும் அந்த இடத்தையே பார்த்தோம்.

முட்கம்பி வந்த வருடம் எல்லோருக்கும் தெரியும்.
வலையிறவுப் பாலத்தில் இறங்கி
சைக்கிளை உருட்டி
அட்டையை நீட்டிய கைகள் எங்களுடையவை.
கம்பிக்கு உள்ளே
வளையத்தில் என்ன கட்டினார்கள் என்பதை
வெளியே நின்றவர் எப்படிச் சொல்வது?

ஆனால் உள்விளிம்பு ஒரு பக்கம்
தேய்ந்து மினுங்கியது.
"கயிறு இப்படித் தேய்க்காது" என்றார் எர்ல்,
"சங்கிலி."
"நாயாத்தான் இருக்கும்"
கனகம்மை கெதியாய்ச் சொன்னாள்.
ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை.

நான் எழுதினேன்:
முன்னைய பயன்பாடு: விலங்கு.

மேற்பார்வையாளர் குடையோடு வந்தார்.
"மாடுகளா?"
"எழுதியபடிதான், ஐயா."
கடிகாரம் பார்த்தார்.
ஒப்பம் வைத்தார்.

தீப்பொறி பறந்தது, அதிக நேரமில்லை.
வளையம் புல்லில் விழுந்து
சிறு வட்டமாய்ப் பொசுக்கியது.
கட்டியில் இரண்டு வெள்ளைக் கண்கள்,
நாளை தார் மூடும்.
அதன் கீழே இரும்பு எவ்வளவு தூரம் போகிறதென்று
எர்லுக்கும் தெரியாது.

பழைய இரும்பு என்று பதிய வேண்டும்.
ஆறியதும் நூல் கோத்து
ஒரு துண்டுச் சீட்டுக் கட்டினேன்.
இலக்கம் நாற்பத்தொன்று.
முடிச்சுப் போட்டபின்
இழுத்துப் பார்த்தேன்,
ஏனென்று தெரியாது.

திங்கட்கிழமை விமானம்.
பன்னிரண்டு இருக்கை, ஜன்னலோரம் எல்லாம் விற்றாயிற்றாம்.
கனகம்மை புதுப் பல் பூட்டி
யந்திரத்தை உதைத்தாள்.
வடக்குப் பக்கம் முழுக்க
இன்னும் புல்.