ஒட்டகம் தங்கிப் போன வாரம்

ருவைஸில் அக்டோபர் என்றாலும்
இருட்டிய பிறகுதான் பந்து உருளும்.
பள்ளிச் சுற்றறிக்கை முன்பே வந்துவிட்டது:
இடைவேளை ஆரஞ்சு, இம்முறை உங்கள் குடும்பம்.
எத்தனை பழம் என்று எழுதவில்லை.
உரிப்பதா நறுக்குவதா என்றும் இல்லை.
பர்வதம் மூன்று கிலோ வாங்கி
உப்பும் மிளகாய்த்தூளும் தூவி
எவர்சில்வர் தூக்கில் அடுக்கிக்கொண்டாள்.
செம்பட்டை முடிப் பிள்ளை ஒன்று கடித்துவிட்டுக்
கண்ணில் நீர் முட்ட நின்றது.
பிறகு இன்னொன்று கேட்டது.

நான் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவன்,
கவரால் சட்டையில் கந்தக வாடை.
எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட்.
ஆஃப்சைடு என்றால் அங்கே ஒரு பொருள், இங்கே வேறு.
பக்கத்தில் நின்ற மொராக்கோக்காரர்
தண்ணீர் பாட்டிலையும் கார் சாவியையும் மணலில் வைத்து
விளக்கினார். தலையாட்டினேன்.
அடுத்த முறை கொடி ஏறியபோது
மறுபடி அவர் முகத்தைப் பார்த்தேன்.

நிறைமதி கோல்கீப்பர்.
வேறு யாரும் நிற்கச் சம்மதிக்கவில்லை என்று
வீட்டில் சொல்லியிருந்தாள்.
கையுறை அவள் முகத்தைவிடப் பெரிது.
தூரத்தில் சுத்திகரிப்பு ஆலையின் சுடர்
காற்றுக்கு ஒரு பக்கம் சாய்ந்தது.
அவளும் அந்தப் பக்கமே சாய்ந்தாள்.
பந்து இந்தப் பக்கம் போனது.
நான்கு முறை.

முடிந்தும் யாரும் கிளம்பவில்லை.
பெற்றோரெல்லாம் இரண்டு வரிசையாக நின்று
எதிரெதிரே கைகளை உயர்த்திக் கோத்தார்கள்.
எனக்கு எதிரே பர்வதம்.
கலியாணத்துக்குப் பிறகு
ஊரறிய அவள் கையைப் பிடித்தது அன்றுதான்,
விரலெல்லாம் மிளகாயும் பிசுபிசுப்பும்.
ஜெயித்தவர்கள் தோற்றவர்கள் எல்லோரும்
குனிந்து அடியில் ஓடினார்கள்.
எங்கள் பெண் எங்களைத் தாண்டும்போது மட்டும்
இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

பிறகு கோச் ஹைதம் பையிலிருந்து
ஒரு துணி ஒட்டகத்தை எடுத்தார்.
பெயர் ஜுமா. ஒரு காது இல்லை.
அன்றைக்கு நன்றாக ஆடியவர் வீட்டில்
ஒரு வாரம் தங்குமாம்.
நிறைமதியைக் கூப்பிட்டார்.
நாலு கோல் விட்டவளுக்கா என்றேன், தமிழில்தான்.
அவருக்கு எப்படியோ புரிந்தது.
"நாலாவதுக்கும் பாய்ந்தாளே" என்றார்.

வந்த விருந்தாளியை எங்கே வைப்பது?
சோபா என்றால் சின்னவன் மிச்சக் காதையும் பிய்ப்பான்.
ஃபிரிட்ஜ் மேல் மரியாதை இல்லை.
பர்வதம் சாமி அலமாரியில்
மயிலைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தாள்.
வெள்ளிக்கிழமை, கைப்பழக்கத்தில்,
அதன் நெற்றியிலும் குங்குமம் வைத்துவிட்டாள்.

நிறைமதி போட்ட சத்தம்!
ஷாம்பு, டெட்டால், பழைய பல்துலக்கி.
தேய்க்கத் தேய்க்கப் பொட்டு பரவி
இளஞ்சிவப்பாக நின்றுவிட்டது.
இதை எப்படித் திருப்பிக் கொடுப்பேன் என்று
சாப்பிடாமல் படுத்தாள்.

அடுத்து அது லமீஸ் வீட்டுக்குப் போனது.
அப்புறம் யாரோ கொரியப் பெண் வீட்டுக்கு.
போன வியாழன் மைதானத்தில் பார்த்தேன்:
கழுத்தில் பின்னிய மப்ளர்,
இல்லாத காதின் இடத்தில் பச்சைப் பட்டன்.
நெற்றி அப்படியே.

இப்போது மணி பத்தரை.
நடையில் மெத்தையை இழுத்துப் போட்டு
நிறைமதி பாய்கிறாள்.
நான் பந்தை உருட்டிவிடுகிறேன்.
கீழ்வீட்டுக்காரர் குழாயைத் தட்டுகிறார்.
இன்னும் ஒன்றுதான் அப்பா என்கிறாள்,
இத்தோடு ஏழாவது.
கொடி எதற்கு ஏறுகிறது என்று
அவளிடம் கேட்கலாம்தான்.
மூச்சு வாங்குகிறது, எனக்கு.