கடைசிப் பத்து நிமிடம்

காளவாசல் தியேட்டரில்
த்ரீடி கண்ணாடி கழுவுகிறேன்.
ஆட்டத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
பச்சை வாளியில் சோப்புத் தண்ணீர்,
நீல வாளியில் வெறும் தண்ணீர்.

கூடையோடு கதவோரம் நிற்கையில்
கடைசிப் பத்து நிமிடம் கிடைக்கும்.
பூமி எப்படியோ தப்பித்துவிடும்,
விண்கலத்தில் ஒருவர் மட்டும்
திரும்பி வரமாட்டார்.
எதுக்குடா போனாரு என்று
ஆபரேட்டர் மச்சக்காளையைக் கேட்டால்
'ஒரு டீ சொல்லுக்கா, சொல்றேன்' என்பான்.
பதினோரு வருஷத்து டீ.

கண்ணாடிதான் சொல்லும்.
சண்டைப் படமென்றால் பாப்கார்ன் உப்பு,
பேய்க்கிரகமென்றால் விரல் ரேகை.

போன ஐப்பசியில் ஒன்று வந்தது:
செவ்வாயில் தண்ணீர் தேடித் துளைபோட்ட எந்திரத்தை
அங்கேயே விட்டுவிட்டு எல்லோரும் கிளம்புகிறார்கள்.
அது நிறுத்தாமல் துளைபோடுகிறது.
அன்றைக்கு வாளித் தண்ணீர் மையால் கறுத்தது.
ஆறாம் நாளும் கறுத்தது.
திருமங்கலத்து போர்வெல் லாரிப் பையன்கள்
மூன்று தடவை வந்தார்கள்.
அவர்கள் கண்ணாடியில் மை இல்லை,
சட்டை நுனியால் துடைத்த கோடு மட்டும்.

இடது பக்கம் உடைந்த ஒன்றை
மேனேஜருக்குத் தெரியாமல் எடுத்துவைத்தேன்.
பத்தேகால் பஸ்ஸில் போட்டுப் பார்த்தால்
நாகமலை அப்படியேதான் படுத்திருக்கிறது,
கொஞ்சம் கூடுதல் இருட்டாய்.

'என்னக்கா, படம் ஓடுதா?'
காசில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடி
கண்டக்டர் சிரித்தார்.

ஓடுது, நகராதீங்க.
இப்பத்தான் பேரு போடுறான்.