வெளியேறிய நீர்

மஞ்சக்குப்பம் கோர்ட்டில் கரண்ட் போனபோது
நான் லங்காஷயரில் இருந்தேன்,
ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளில்.
எவனோ வெட்டிய குளத்து நீர்
பழைய சுரங்கவழி இறங்கி
அடுத்தவன் நிலக்கரியை மூழ்கடித்ததாம்.
தேக்கியவனே பொறுப்பு
என்றார்கள் லண்டன் பிரபுக்கள்.
பக்க எண்ணோடு படித்தேன்.

என் கட்சிக்காரர் அஞ்சலாட்சிக்கு
பரவனாற்றங்கரையில் அறுபது சென்ட்.
வரப்புக்கு அந்தப்பக்கம் இறால் பண்ணை.

எதிர்த்தரப்பு சீனியர் எழுந்தார்:
ஆக்ட் ஆஃப் காட், யுவர் ஆனர்.
தானே புயலில் கரை உடைந்தது.
கூண்டிலிருந்து என்னைப் பார்த்தார் அஞ்சலாட்சி.
தெய்வச் செயலாம், என்றேன்.

"புயல் மார்கழியிலங்க.
நட்ட பயிரு ஐப்பசியிலயே வெளுத்துப்போச்சு.
சாமி என்னா
முன்தேதி போட்டா வந்துச்சு?"

ஸ்டெனோவின் விரல் கொஞ்சம் தயங்கியது.
ஆங்கிலத்தில் ஏறியது இவ்வளவுதான்:
சாட்சி மறுக்கிறார்.

பத்தொன்பதாவது வாய்தா.
வெளியே டீக்கடையில்
பன்னை நனைத்தபடி கேட்டார்:
"அந்த வெள்ளக்காரன் கொளம்
உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?"

நூற்றைம்பது வருடமாக
எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு.
புரட்டிப் பார்த்தேன்.
அதை யாரும் கேட்கவில்லை.