மேலிருந்து கீழ்

குயாவிச் சர்க்கரை ஆலை. அக்டோபர். இரவு ஷிஃப்ட்.
எடைமேடைக் கூண்டுக்குள் நானும்
பாதி நிரம்பிய குறுக்கெழுத்தும்.

இடமிருந்து வலம், ஏழு: தராசு, ராசியும்கூட.
எங்கள் போலிஷில் இரண்டுக்கும் ஒரே சொல், நான்கெழுத்து.
பன்னிரண்டு: வைரத்தின் எடை. காரட்.

லாரி வருகிறது.
சேறும் வெள்ளைப் பீட்ரூட்டுமாய் முப்பத்தொன்பது டன்.
ரசீது கிழிக்கிறேன்.

மேலிருந்து கீழ், மூன்று: பூமி விடாதது. எட்டெழுத்து.
முதல் நான்கில் நிறுத்தினால்
கர்ப்பமா ஈர்ப்பா தெரியாது எங்கள் மொழியில்.
கொஞ்ச நேரம் நிறுத்தித்தான் வைத்தேன்.

மேலிருந்து கீழ், ஒன்பது: பழைய நிறை,
அரைப் பிடி உப்பு இருக்கும். மூன்றெழுத்து.
இது ஸெனோனின் கட்டம்.
எனக்கும் தெரியும்; இருந்தாலும் கேட்பேன்.
ஜன்னலில் முழங்கை ஊன்றி "வூட்" என்பான்,
எதையோ தானம் செய்கிறவன்போல.

அவன் லாரிதான் இப்போது காலியாகத் திரும்புகிறது.
ஸ்டியரிங்கில் ஒரு பையன், ஒரு காதில் கம்மல்.
போன வாரம்வரை வெற்று வண்டி 14,620.
இன்று 14,580.
இந்த மேடை இருபது இருபதாகத்தான் எண்ணும்,
அதற்குக் கீழே எதுவும் அதற்குப் புரியாது.

"ஸெனோன்?"
"பிட்கோஷ்ச் ஆஸ்பத்திரி. நெஞ்சு."
ரசீதுக்குக் கை நீட்டினான்.

திரை கேட்கிறது:
வெற்று எடை மாறியுள்ளது, திருத்தவா?
பின்னால் ஆறு லாரி ஹாரன்.

வேண்டாம் என்று அழுத்தினேன்.
எவனோ ஒரு விவசாயிக்கு
நாற்பது கிலோ பீட்ரூட் நட்டம்.
நாளைக்குச் சரி செய்கிறேன், ஐயா.
நாளைக்கு.