பதினெட்டுப் புள்ளி ஒன்பது

கருவி பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.
குழாயை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்து
இரண்டாம் தரமும் ஓட்டினேன்.
ஈமோகுளோபின் பதினெட்டுப் புள்ளி ஒன்பது.

கார்த்திகை மழை. ஆஸ்பத்திரி வீதியில் வெள்ளம்.
காய்ச்சல் என்று வருகிற எல்லாரிலும்
டெங்குவைத் தேடுகிற மாதம்.
குருதி தடித்தால் பயப்படு என்பது எங்கள் பாடம்.
இவனுக்கோ சிறுதட்டுகள் இரண்டு லட்சத்து எழுபதாயிரம்,
ஒரு குறையுமில்லை.

அகிலரூபன், இருபத்தொன்பது வயது, நவாலி.
கீரிமலையிலேயே மலை இல்லாத தேசம் இது,
எங்களுக்கு உயரமென்றால் தண்ணீர்த் தாங்கி.
"தம்பி, எங்கையாவது உயரத்திலை இருந்தனீரோ?"
"லா பாஸ்" என்றான். "பதினொரு மாசம்.
கனடா எண்டு சொல்லி அங்கை விட்டிட்டான்."

முதல் கிழமை தலை வெடித்ததாம்.
நித்திரையில் மூச்சு நின்று நின்று வர,
பக்கத்தில் படுத்த அரியாலைப் பொடியன்
இவன் செத்துப்போனான் என்று நெஞ்சில் குத்தினானாம்.
அடுத்த இரவு இவன் அவனைக் குத்தினானாம்.
தண்ணி கெதியாய்க் கொதிக்குமாம்,
பருப்பு மட்டும் அவியவே அவியாதாம்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.
அங்கேயும் ஒட்சிசனின் பங்கு இதே ஐந்தில் ஒன்றுதான்.
உள்ளே தள்ளிவிடத்தான் ஆளில்லை.
இங்கே முழு ஆகாயமும் எங்கள் தலையில் குந்தியிருந்து
நெஞ்சுக்குள் காற்றை அமத்துகிறது.
அங்கே நுரையீரல் ஓடும், இதயம் ஓடும்,
ரெண்டும் களைக்கிற நேரம்
சிறுநீரகம் எலும்புக்குள் ஆள் அனுப்பும்:
செங்குருதி காணாது, இன்னும் செய்.
எலும்பு செய்தது,
பதினொரு மாதம், கூலி கேளாமல்.

அவன் இதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை.
"அக்கா, இதை வைச்சு நிரூபிக்கலாமோ?"

பாஸ்போட்டை ஏஜென்சியின் ஆள் பறித்துவிட்டான்.
திருப்பி அனுப்பியபோது தந்த கடுதாசியைக்
கட்டுநாயக்காவில் வாங்கிவிட்டார்கள்.
சுன்னாகத்துக்காரன் சொல்கிறானாம்:
"நான் உன்னைக் கொழும்பு தாண்டி அனுப்பேல்லை."
முப்பத்தெட்டு லட்சம். தாயின் காணி உறுதி.

அறிக்கையில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது.
அதில் மலை என்று எழுத எனக்கு அதிகாரமில்லை.
எண்ணின் கீழே கோடு மட்டும் போட்டேன்.

ஒரு செங்கலத்தின் ஆயுள் நூற்றிருபது நாள்.
கீழே இறங்கிய உடம்பு அதுவரைக்கும் பொறுக்காது,
இளையவற்றை முதலில் கொல்லும் என்கிறது
என் பழைய கொப்பி.
அந்த வரியை அவனுக்கு வாசிக்கவில்லை.

மார்கழியில் பதினாறு புள்ளி நான்கு.
தையில் பதினைந்து புள்ளி ஒன்று.
பொலிசில் முறைப்பாட்டை எழுதவே மூன்று தரம் அலைந்தானாம்.
காசு வேண்டாம் என்றேன்,
வைத்துவிட்டுப் போனான்.
மாசியில் பதினான்கு புள்ளி ஆறு.
வேறு யாருக்கும் என்றால்
"ஒண்டுமில்லை, நல்லாயிருக்கு" என்று சிரித்திருப்பேன்.

முதல்நாள் லிப்ற் வேலை செய்யவில்லை.
காய்ச்சலோடும் இரண்டிரண்டு படியாய்த் தாவி
மூன்றாம் மாடிக்கு வந்து
தடக்காமல் பெயர் சொன்னவன்.

இன்றைக்கும் லிப்ற் இல்லை.
வாசல் கம்பியைப் பிடித்து நின்று
கையால் 'பொறுங்கோ' என்று காட்டுகிறான்,
எங்களைப் போல.